மோரிஸ் மைனரின் கைகாட்டி இண்டிகேட்டர்: பழுது பார்ப்பதும் பொருத்துவதும், அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கதவுத் தூணுக்குள் மடங்கிக் கிடந்து, சுவிட்ச் போட்டதும் வெளியே எழுந்து நிற்கும் ஆரஞ்சு நிறக் கைக்கு டிராஃபிகேட்டர் என்று பெயர். பழைய கார் வைத்திருப்பவர்களும் அவற்றைப் பழுது பார்ப்பவர்களும் இதைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை இங்கே சேர்த்திருக்கிறோம். பதில்கள் மோரிஸ் மைனரில் 1961 வரை வந்த, லூகாஸ் நிறுவனத்தின் எஸ்.எஃப்.80 வகையை வைத்து எழுதப்பட்டவை. எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் 1949 முதல் பூட்டி விற்ற ஆஸ்டின் ஏ40 போன்ற அந்தக் காலத்து மற்ற கார்களுக்கும் அடிப்படை இதுதான். ஃபோக்ஸ்வாகன் பீட்டிலுக்கு வேறுபடும் இடத்தை அங்கங்கே சொல்லியிருக்கிறோம்.

1. இந்தக் கை எப்படி மேல வருது? உள்ளே மோட்டார் ஏதாவது இருக்கா?

மோட்டார் கிடையாது. உள்ளே ஒரு காயிலும், அதன் நடுவில் ஏறி இறங்கும் ஓர் இரும்புத் தண்டும்தான். இந்தத் தண்டுக்குப் பிளஞ்சர் என்று பெயர். கரண்ட் வந்ததும் காயில் காந்தமாகிப் பிளஞ்சரை இழுக்கும். பிளஞ்சர் நகரும் முதல் சிறு தூரத்தில் ஒரு கொக்கி விடுபடும், மீதித் தூரத்தில் கை எழும்பும். வண்டி குலுங்கும்போதும் காற்று அடிக்கும்போதும் கை தானாக எழும்பாமல் பிடித்து வைப்பது இந்தக் கொக்கிதான்.

கைக்குள் 3 வாட் பல்ப் ஒன்று இருக்கும், கை எழும்பும்போது அதுவும் எரியும். சுவிட்சை அணைத்தால் கை தன் எடையாலேயே கீழே விழுந்து மடங்கும். கீழே இழுக்கத் தனி விசை எதுவும் இல்லை. பல பழுதுகளுக்கு விளக்கம் இந்த ஒரு விஷயத்தில் இருக்கிறது.

2. வண்டி பல வருஷமா நின்னுக்கிட்டு இருந்தது. சுவிட்ச் போட்டா ஒண்ணுமே அசையலை. புதுசு வாங்கணுமா?

அவசரப்பட வேண்டாம். காயில் செத்துப்போவது அபூர்வம். முதலில் இக்னிஷன் சாவி போட்டிருக்கிறதா என்று பாருங்கள், இந்தச் சுற்று சாவி வழியாகவே வருகிறது. அடுத்து ஃபியூஸ். அதன் இரு முனைகளையும் பிடிக்கும் கிளிப்புகளில் பச்சைப் படிவு இருந்தால் உப்புத்தாளால் தேய்த்துச் சுத்தமாக்குங்கள். லூகாஸ் ஒயரிங்கில் பச்சை ஒயர் ஃபியூஸிலிருந்து சுவிட்சுக்கு வரும். சுவிட்சிலிருந்து இடப்பக்கத்துக்குப் பச்சையில் சிவப்புக் கோடு, வலப்பக்கத்துக்குப் பச்சையில் வெள்ளைக் கோடு. மல்டிமீட்டரை வைத்து இந்த வரிசையிலேயே வந்தால் வோல்ட் எங்கே காணாமல் போகிறது என்று தெரிந்துவிடும்.

டிராஃபிகேட்டர் முனைவரை கரண்ட் வந்தும் அசையவில்லை என்றால் எர்த்தைச் சந்தேகப்படுங்கள். இதற்குத் தனி எர்த் ஒயர் இல்லை, பொருத்தும் ஸ்க்ரூ வழியாக வண்டியின் உடம்போடு சேர்வதுதான் எர்த். அந்த இடத்தில் துருவோ புது பெயிண்டோ இருந்தால் சுற்று முழுமையாகாது. ஒரு ஒயரை டிராஃபிகேட்டரின் உலோக உடம்பிலும் பேட்டரியின் எர்த் முனையிலும் பிடித்துப் பாருங்கள். கை எழும்பினால் செலவு அரைத்தாள் உப்புத்தாளோடு முடிந்தது.

இவ்வளவுக்கும் அசையாவிட்டால் ஒயரைக் கழற்றிவிட்டுக் காயிலின் ஓம் அளவைப் பாருங்கள். நல்ல காயில் சில ஓம்கள் காட்டும். மறுபக்கத்துக் காயிலை அளந்து ஒப்பிடுவதே நம்பகமான வழி. ஒன்றுமே காட்டாவிட்டால் உள்ளே ஒயர் அறுந்திருக்கிறது, அதற்கு 12-ஆம் கேள்வியைப் பாருங்கள்.

3. "டக்"னு சத்தம் மட்டும் வருது. கை எழும்ப மாட்டேங்குது.

சத்தம் வந்தால் காயில் உயிரோடு இருக்கிறது. பிளஞ்சர் நகர முயன்று எங்கோ மாட்டுகிறது. மூன்று காரணங்கள் உண்டு: பழைய எண்ணெய் பிசினாகிக் கொக்கியை ஒட்ட வைத்திருப்பது, கை வளைந்து தூணின் விளிம்பில் உரசுவது, வோல்ட் குறைவது.

இதில் மூன்றாவதைப் பலரும் கணக்கில் எடுப்பதில்லை. காயிலின் இழுவிசை கரண்டின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். 12 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 10 வந்தால், குறைந்தது ஆறில் ஒரு பங்குதானே என்று தோன்றும். ஆனால் இழுவிசை ஏறக்குறைய 70 சதவீதத்துக்கு இறங்கிவிடும். சுவிட்சைப் போட்ட நிலையில் பேட்டரி முனைகளில் ஒரு முறை, டிராஃபிகேட்டர் முனைக்கும் அதன் உடம்புக்கும் இடையில் ஒரு முறை அளந்து பாருங்கள். வித்தியாசம் 1 வோல்ட்டைத் தாண்டினால் ஃபியூஸ், சுவிட்ச், ஒயர்களைச் சேர்க்கும் புல்லட் இணைப்புகள், எர்த் எல்லாவற்றையும் சுத்தம் செய்த பிறகே டிராஃபிகேட்டரைத் தொடுங்கள். ஹெட்லைட்டும் எரியும்போது அளப்பது இன்னும் நல்லது. டைனமோ உள்ள வண்டி ஐடிலில் சார்ஜ் ஆகாது, இரவில் சிக்னலில் நிற்கும்போது கை ஏமாற்றுவது அதனால்தான்.

4. எழும்பலைன்னா கையால இழுத்து விடலாமா?

கூடாது. நுனியில் நகம் கொடுத்து இழுத்தால் கொக்கி பூட்டிய நிலையிலேயே கை வளையும், இல்லாவிட்டால் கொக்கி உடையும். பழைய சந்தையில் கிடைக்கும் உடைந்த டிராஃபிகேட்டர்களில் நிறைய இப்படிப் போனவைதான். சுவிட்ச் போட்டு எழுப்பி, கையைக் கிடைமட்டமாகத் தாங்கிப் பிடித்துக்கொண்டு சுவிட்சை அணைப்பதே சரியான முறை. மின்சாரமே வரவில்லை என்றால் கழற்றி எடுத்து, பிளஞ்சரை விரலால் மேலே தள்ளுங்கள். கொக்கி விடுபட்டுக் கை தானே வரும்.

5. தூண்லேர்ந்து எப்படிக் கழட்டுறது?

முதலில் 4-ஆம் பதிலில் சொன்னபடி கையை எழுப்பி, மடங்காமல் தாங்கி வைத்துவிட்டுப் பேட்டரியின் ஒரு முனையைக் கழற்றிவிடுங்கள். தூணின் உட்பக்க டிரிம் அட்டையை எடுத்தால் ஒயர் இணைப்பு தெரியும். பிரிப்பதற்கு முன் அந்த ஒயரின் நுனியில் ஒரு முழ நீளத்துக்கு உறுதியான நூல் கட்டுங்கள். ஒயர் தூணுக்குள் நழுவி விழுந்தால் திரும்ப எடுக்க அரை நாள் போகும், நூல் இருந்தால் ஒரு நிமிடம்.

கை எழும்பி நிற்பதால் திறப்பில் பொருத்தும் ஸ்க்ரூ தெரியும். ஸ்க்ரூக்களின் இடமும் எண்ணிக்கையும் மாடலுக்கு மாடல் மாறும். துருப்பிடித்த ஸ்க்ரூவின் தலை உடையாமலிருக்க முந்தின இரவே துருநீக்கி எண்ணெய் ஒரு சொட்டு விட்டு வையுங்கள். எடுக்கும்போது மேல்பக்கத்தைச் சாய்த்து வெளியே கொண்டு வாருங்கள். பக்கவாட்டில் நெம்பினால் தூணின் பெயிண்ட் போகும்.

6. ஸ்ப்ரே எண்ணெய் அடிச்சா போதும்னு சொல்றாங்களே?

அடித்த அன்று வேலை செய்யும். சில மாதத்தில் அந்த எண்ணெயே தூசியைப் பிடித்து 3-ஆம் கேள்வியில் சொன்ன பிசினாகிவிடும். பிளஞ்சரும் அது ஓடும் குழாயும் உலர்ந்தே இருக்க வேண்டும். பிளஞ்சரை வெளியே எடுத்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடையுங்கள். குழாய்க்குள் காது குடையும் பஞ்சுக் குச்சியை அதே ஆல்கஹாலில் நனைத்து, கறுப்பு வராத வரை திரும்பத் திரும்ப விடுங்கள். பிளஞ்சரில் துரு இருந்தால் உலோகப் பாலிஷ் போட்டுத் தேய்த்து, பாலிஷின் மிச்சத்தைத் துடைத்து எடுங்கள். சொரசொரப்பான உப்புத்தாள் வேண்டாம், கீறல் விழுந்தால் மறுபடி மாட்டும்.

எண்ணெய் தேவைப்படும் இடங்கள் இரண்டே. ஒன்று, கைக்கும் இயக்கும் பகுதிக்கும் நடுவில் உள்ள கொக்கி முள்: இங்கே தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு, தீக்குச்சி நுனியால். இன்னொன்று, கையின் உலோக மூடியைக் கழற்றினால் மேல்முனையில் தெரியும் சிறு எண்ணெய்த் திண்டு: இதற்குச் சற்றுக் கெட்டியான எஞ்சின் எண்ணெய் ஒரு சொட்டு. வழிந்தால் பஞ்சால் ஒற்றி எடுத்துவிடுங்கள்.

7. எல்லாம் சுத்தம் பண்ணியாச்சு. மேஜை மேல வெச்சு டெஸ்ட் பண்ணினா கை எழும்புது, ஆனா திரும்ப மடங்கலை. ஏன்?

மேஜையில் படுக்க வைத்துச் சோதித்திருப்பீர்கள். 1-ஆம் பதிலில் சொன்னபடி கையை மடக்குவது அதன் எடை. வைஸில் செங்குத்தாக, தூணில் நிற்கும் நிலையிலேயே பிடித்துச் சோதியுங்கள். தாடைகளுக்கு நடுவில் துணி வைத்து லேசாக இறுக்குங்கள், தகட்டு உடம்பு எளிதில் நசுங்கும். ஒயரில் 5 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று இருக்கட்டும். ஒரு முறைக்கு ஐந்து நொடி போதும், நடுவில் ஆறவிடுங்கள். இந்தக் காயில் தொடர்ந்து எரிய விடுவதற்காகச் செய்யப்பட்டதல்ல.

செங்குத்தாக நின்றும் மடங்காவிட்டால் அச்சு வறண்டிருக்கிறது, அல்லது கையின் உலோக மூடி நசுங்கி உள்பகுதியைக் கவ்வுகிறது.

8. கை நல்லா எழும்புது. விளக்கு மட்டும் எரியலை. பல்ப் புதுசுதான்.

அப்படியானால் காயில் முனையிலிருந்து பல்புக்குப் போகும் மெல்லிய ஒயர்தான். கை எழும்பும் ஒவ்வொரு முறையும் அது மடங்கி நிமிர்கிறது. அறுபது எழுபது வருடத்தில் உள்ளிழைகள் அறுந்து, மேலுறை மட்டும் முழுதாகத் தெரியும். பழைய துணியுறை உதிர்ந்து செம்பு உடம்பில் பட்டால் ஃபியூஸ் போகும். கை எழும்பும் கணத்தில் ஃபியூஸ் போகிறது என்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடமும் இதுதான்.

மாற்றுவதற்கு, நிறைய நுண்ணிழைகள் கொண்ட மெல்லிய சிலிக்கான் ஒயர் வாங்குங்கள். 12 வோல்ட்டில் 3 வாட் பல்ப் எடுப்பது கால் ஆம்பியர்தான், தடித்த ஒயர் தேவையில்லை. தடித்தால் கையின் எடையோடு சண்டை போட்டு மடங்கவும் விடாது. சால்டர் வைக்கும்போது ஈயம் இழைகளுக்குள் ஊறி ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஈயம் ஏறிய பகுதி விறைத்து, அதன் ஓரத்திலேயே ஒயர் மறுபடி அறும். கை முழுதாக எழும்பிய நிலையிலும் ஒயர் இழுபடாத அளவுக்குச் சிறு வளைவு விட்டுச் சால்டர் செய்யுங்கள்.

9. பல்ப் மாத்துறது எப்படி? எல்இடி போடலாமா?

4-ஆம் பதிலில் சொன்னபடி கையை எழுப்பித் தாங்கிப் பிடித்துச் சுவிட்சை அணையுங்கள். கையின் அடிப்பக்கத்தில் உள்ள சிறு ஸ்க்ரூவை எடுத்தால் உலோக மூடி நழுவி வரும். பல்ப் இரு முனையும் கூம்பான பெஸ்டூன் வகை. திரும்ப மூடும்போது மூடியை மேல்நோக்கித் தள்ளி, அதன் பக்கத் தகடுகள் அச்சின் அடியிலுள்ள பள்ளங்களில் உட்காருவதை உறுதி செய்த பிறகே ஸ்க்ரூவை முடுக்குங்கள். உட்காராமல் முடுக்கினால் மூடி கோணலாகித் தூணில் உரசும்.

கடையில் அதே வடிவத்தில் 5 வாட், 10 வாட் பல்புகளும் கிடைக்கும், அவை உள்விளக்குக்கானவை. வெளிச்சம் அதிகம் என்று போட்டால் கையின் பிளாஸ்டிக் உருகும். எல்இடி போடலாம், சூடு குறைவு, பகலிலும் தெரியும். ஆனால் மைனர் பாசிட்டிவ் எர்த் வண்டி, அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் உடம்போடு சேர்ந்திருக்கும். பழைய பல்புக்கு எந்தப் பக்கம் பாசிட்டிவ் என்ற பேதமில்லை, எல்இடிக்கு உண்டு. இரு பக்கமும் எரியும் வகையை வாங்குங்கள், நிறம் ஆரஞ்சாக இருக்கட்டும். வெள்ளை எல்இடியை ஆரஞ்சு பிளாஸ்டிக்குக்குள் வைத்தால் நிறம் வெளிறிவிடும்.

10. ஆரஞ்சு பிளாஸ்டிக் வெடிச்சு, சுருங்கிப்போச்சு. ஒட்ட முடியுமா?

மெல்லிய விரிசலை ஒட்டலாம். சுருங்கி வளைந்ததை மீட்க முடியாது, புதிய லென்ஸ்தான் வழி. இங்கிலாந்தில் பழைய கார் உதிரி பாகம் விற்பவர்களிடம் புதிதாக வார்த்தவை கிடைக்கின்றன. வாங்கும்போது கையின் நீளத்தையும் உடம்பில் அடித்திருக்கும் எண்ணையும் சொல்லிக் கேளுங்கள். எஸ்.எஃப்.80 லென்ஸ் மற்ற வகைகளில் உட்காராது.

பழைய பிளாஸ்டிக்கைச் சோப்புத் தண்ணீர் தவிர வேறெதனாலும் கழுவ வேண்டாம். தின்னர், பெட்ரோல், அசிட்டோன் பட்டால் பழைய செல்லுலாய்டு வகைகள் கரைந்து மங்கும். அவை சட்டென்று தீப்பற்றும் என்பதால் பக்கத்தில் சால்டரிங் செய்யும்போது லென்ஸைக் கழற்றித் தள்ளி வையுங்கள்.

11. காலையில எழும்புது. மத்தியானம் வெயில்ல நிறுத்திட்டு வந்து போட்டா பாதிதான் எழும்புது. இது என்ன வியாதி?

நம் ஊர் வெயிலில் இது நிறையக் கேட்கப்படுகிறது. செம்பு சூடேறினால் அதன் தடை கூடும், ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 0.4 சதவீதம். காலையில் 30 டிகிரியில் இருந்த காயில் வெயிலில் காய்ந்த தூணுக்குள் 70 டிகிரி ஆனால் தடை 16 சதவீதம் கூடும், இழுவிசை கால் பங்கு குறையும். நல்ல நிலையில் உள்ள டிராஃபிகேட்டர் இந்தக் குறைவைத் தாங்கிக்கொள்ளும். ஏற்கெனவே வோல்ட் இழப்போ பிசினோ இருந்தால் இந்தக் கால் பங்குதான் அதைத் தள்ளிவிடுகிறது.

ஆகவே காயிலை மாற்றிப் பயனில்லை. 3-ஆம் பதிலிலும் 6-ஆம் பதிலிலும் சொன்ன வேலைகளை முழுமையாகச் செய்யுங்கள். சோதனையையும் மத்தியானமே செய்யுங்கள்.

12. காயில் உண்மையிலேயே போயிடுச்சு. எங்கே சரி பண்றது?

முதலில் வெளித்துணியை மெதுவாகப் பிரித்துப் பாருங்கள். பெரும்பாலும் ஒயரின் தொடக்கத்திலோ முடிவிலோ, வெளி முனையோடு சேரும் இடத்தில்தான் அறுந்திருக்கும். அங்கே எனாமலைச் சுரண்டிச் சால்டர் வைத்தால் போதும்.

உள்ளே கருகியிருந்தால் மறுபடி சுற்ற வேண்டும். பம்ப் மோட்டாருக்கு வைண்டிங் செய்யும் கடைகளில் இது சாதாரண வேலை. பழைய ஒயரைப் பிரிக்கும்போதே சுற்றுகளை எண்ணச் சொல்லுங்கள். விட்டத்தை எனாமலைச் சுரண்டி மைக்ரோமீட்டரில் அளக்கச் சொல்லுங்கள். அதே விட்டம், அதே சுற்று, அதே திசை. "கொஞ்சம் தடிச்ச ஒயர் போட்டா ஸ்ட்ராங்கா இழுக்கும்" என்று சொன்னால் ஒத்துக்கொள்ள வேண்டாம். தடித்த ஒயர் அதிகக் கரண்ட் எடுத்துச் சூடேறும், சுவிட்சின் முனைகளையும் தீய்க்கும்.

13. பழைய பீட்டில். 6 வோல்ட்டை 12 ஆக்கிட்டேன். செமாஃபோர், அதான் இந்தக் கை, என்ன ஆகும்?

அப்படியே விட்டால் காயில் இரண்டு மடங்கு கரண்ட் எடுக்கும், நான்கு மடங்கு சூடாகும். கை விசையோடு எகிறி நிறுத்தத்தில் அடித்து உடையும். ஐரோப்பியச் சந்தைக்கு 1960 வரை வந்த பீட்டில்களில் இந்தக் கை இருக்கிறது, அவை எல்லாம் 6 வோல்ட்.

நல்ல தீர்வு மறுவைண்டிங்: சுற்றுகளை இரண்டு மடங்காக்கி, ஒயரின் குறுக்குவெட்டைப் பாதியாக்க வேண்டும். விட்டம் பழையதில் 0.7 பங்கு, அதாவது 0.5 மில்லிமீட்டர் இருந்தால் 0.35. தடை நான்கு மடங்காகும், கரண்ட் பாதியாகும், இழுவிசை மாறாது. பல்பையும் 12 வோல்ட்டாக மாற்றிவிடுங்கள்.

எளிய வழி, காயிலின் தடைக்குச் சமமான ரெசிஸ்டரைத் தொடரில் போடுவது. காயில் 2 ஓம் என்றால் ரெசிஸ்டரும் 2 ஓம். அதில் 18 வாட்டுக்கு மேல் சூடு வெளிப்படும் என்பதால் 50 வாட் ஒயர்வூண்ட் வகையை உலோகத் தகட்டில் பொருத்துங்கள், டிரிம் அட்டையில் படக்கூடாது. இந்த முறையில் பல்ப் 6 வோல்ட்டே இருக்கட்டும்.

14. மழைத்தண்ணி உள்ளே போகுமே, ஓட்டையைச் சுத்தி சிலிக்கான் அடைச்சிடலாமா?

வேண்டாம். தண்ணீர் உள்ளே போகத்தான் செய்யும், தூணின் அடியில் அது வெளியேற வழி இருக்கிறது. அந்த வழி மண்ணாலும் துருவாலும் அடைபடாமல் ஒரு கம்பி விட்டுச் சுத்தம் செய்யுங்கள். ஒயர் இணைப்புக்கு மட்டும் ரப்பர் உறை போடுங்கள். பிரஷர் வாட்டர் அடிக்கும் இடத்தில் கழுவும்போது குழாயை இந்தத் திறப்புக்கு நேராகப் பிடிக்க விடாதீர்கள்.

15. பெயிண்ட் அடிச்ச பிறகு திரும்ப மாட்டினேன். முன்னாடி நல்லா இருந்தது, இப்ப உரசுது.

டிங்கரிங் செய்யும்போது திறப்பின் ஓரத்தில் புட்டியும் பல கோட் பெயிண்டும் ஏறிவிடுகிறது. இரு பக்கமும் ஒரு மில்லிமீட்டர் கூடினாலே போதும், கை மாட்டும். திறப்பின் உள்விளிம்பில் மட்டும் மெல்லிய அரத்தால் எடுத்து, வெற்று உலோகத்தில் பிரைமர் தொட்டு வையுங்கள். எர்த் ஸ்க்ரூ உட்காரும் இடத்தில் பெயிண்டை முழுதாகச் சுரண்டி, சிறிது வாசலின் தடவி முடுக்குங்கள்.

ஸ்க்ரூவை முழுதாக இறுக்குவதற்கு முன் கையை நான்கைந்து முறை எழுப்பி மடக்கிப் பாருங்கள். மடங்கிய நிலையில் தூணோடு சமமாக உட்கார வேண்டும், எழும்பிய நிலையில் கிடைமட்டமாக நிற்க வேண்டும். நுனி தொங்கினால் பிளஞ்சரையும் கையையும் சேர்க்கும் இணைப்புக் கம்பி வளைந்திருக்கிறது. இதெல்லாம் சரியான பிறகே டிரிம் அட்டையை மூடுங்கள்.

16. கை அழகா எழும்புது, ஆனா பின்னாடி வர்றவங்க யாரும் பார்க்கிறதே இல்லை. பிளிங்கரும் சேர்த்துப் போடலாமா?

கட்டாயம் போடுங்கள். பளிச்சிடும் விளக்கையே பார்த்துப் பழகிய சாலையில் தூணிலிருந்து எழும் கையை யாரும் தேடுவதில்லை. பின்னால் ஒட்டி வரும் பைக்காரருக்கு அது தெரிவதே இல்லை. கையைக் காப்பாற்றுவது வண்டிக்கு நாம் செய்யும் மரியாதை, பிளிங்கர் உயிருக்கு. முன்னும் பின்னும் பம்பரில் பிராக்கெட் வைத்து 21 வாட் ஆரஞ்சு விளக்குகள் பொருத்தினால் உடம்பில் ஓட்டை போட வேண்டியதில்லை, எப்போது வேண்டுமானாலும் கழற்றலாம்.

17. பிளிங்கர் ஒயரையும் கை ஒயரையும் சேர்த்தேன். இப்ப கை படபடன்னு அடிச்சுக்குது!

உடனே பிரித்துவிடுங்கள், ஒரு வாரத்தில் கொக்கி தேய்ந்துபோகும். கைக்கு நிலையான கரண்ட் வேண்டும், பிளிங்கருக்கு விட்டு விட்டு வரும் கரண்ட் வேண்டும். இரண்டையும் பிரிக்கப் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ரிலே தேவை. ரிலே என்பது சிறு கரண்டில் இயங்கும் சுவிட்ச், அதன் முனைகளில் 30, 85, 86, 87 என்று எண் குறித்திருக்கும்.

பழைய சுவிட்சிலிருந்து வரும் ஒயர் முன்போலவே கைக்குப் போகட்டும். அதிலிருந்து ஒரு கிளை எடுத்து அந்தப் பக்கத்து ரிலேயின் 86-க்குக் கொடுங்கள், 85 எர்த்துக்கு. விளக்கை விட்டு விட்டு எரிய வைக்கும் பிளாஷர் யூனிட்டுக்கு இக்னிஷன் வழி வரும் கரண்டைத் தனி 10 ஆம்பியர் ஃபியூஸ் போட்டுக் கொடுங்கள். யூனிட்டின் வெளிவரும் முனையை இரண்டு ரிலேக்களின் 30-க்கும், ஒவ்வொரு ரிலேயின் 87-ஐ அந்தப் பக்கத்து முன், பின் விளக்குகளுக்கும் இணையுங்கள். இரண்டு 21 வாட் பல்ப் சேர்ந்து 3.5 ஆம்பியர், 1 சதுர மில்லிமீட்டர் ஒயர் தாராளம். பழைய சுவிட்சுக்குக் கூடுவது ரிலே காயிலின் சிறு கரண்ட் மட்டுமே. பாசிட்டிவ் எர்த் வண்டிக்குச் சூடேறி இயங்கும் பழைய வகை பிளாஷர் அப்படியே ஒத்துப்போகும். எலக்ட்ரானிக் வகை என்றால் பாசிட்டிவ் எர்த்துக்கு என்று குறித்திருப்பதைத்தான் வாங்க வேண்டும். ரிலேயும் உள்ளே டயோடு (கரண்டை ஒரு திசையில் மட்டும் விடும் பாகம்) இல்லாததாக இருக்கட்டும்.

18. சுவிட்ச் முனை அடிக்கடி கருகுது. டயோடு போடச் சொன்னாங்க, எந்தப் பக்கம்?

காயிலை அணைக்கும் கணத்தில் அதில் தேங்கிய காந்த சக்தி பொறியாகச் சுவிட்சில் வெளிப்படுகிறது. காயிலுக்குக் குறுக்காக 1என்5408 டயோடு ஒன்று போட்டால் பொறி அடங்கும். நெகட்டிவ் எர்த் வண்டியில் டயோடின் பட்டை உள்ள முனை கரண்ட் வரும் பக்கம். மைனரைப் போன்ற பாசிட்டிவ் எர்த் வண்டியில் பட்டை உள்ள முனை உடம்பின் பக்கம். மாற்றிப் போட்டால் சுவிட்ச் போட்டதும் ஃபியூஸ் போகும். டயோடு போட்ட பின் கை ஒரு கணம் தாமதித்து இறங்கலாம், அது பழுதல்ல.

19. விண்டேஜ் பதிவுக்குக் கொண்டு போகணும். பிளிங்கர் போட்டா ஒரிஜினல் இல்லைன்னு சொல்வாங்களா?

இந்தியாவில் 2021-இல் வந்த விதிகளின்படி, 50 வருடத்தைத் தாண்டிய வண்டிகளுக்கு 'வி.ஏ.' எழுத்துகளோடு தனி எண் தரப்படுகிறது. புதிய பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். விதி கேட்பது சேசிஸ், உடம்பு, எஞ்சின் ஆகியவை பெரிய மாற்றமில்லாமல் மூல வடிவில் இருப்பதை. பம்பர் பிராக்கெட்டில் கழற்றக்கூடிய விளக்கு என்பது தூணை அடைத்து வெல்டு வைப்பதைப் போன்ற காரியமல்ல. ஆனாலும் விண்ணப்பிக்கும் முன் உங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். ஆய்வுக்குப் போகும் நாளில் இரண்டு கைகளும் எழும்பி, எரிந்து, மடங்க வேண்டும். முந்தின நாள் மத்தியானம் 3-ஆம் பதிலில் சொன்ன வோல்ட் சோதனையை ஒரு முறை செய்துவிட்டுக் கிளம்புங்கள்.